வீட்டுக்கு நூல் பிடிப்பதும் வடிவியல் நிரூபணமும்: மொசாம்பிக் ஆசிரியர் பயிற்சியில் பாலுஸ் கெர்டெஸ் – ஒரு நிகழ்வு ஆய்வு

பல பண்பாடுகளின் கணிதத்தை வகுப்புக்குக் கொண்டுவருகிறோம் என்று தொடங்கும் முயற்சிகளில் பெரும்பாலானவை ஆசிரியரைத் தாண்டி நேரே மாணவரிடம் போய்விடுகின்றன. ஒரு நாள் மாயன் எண்கள், ஒரு நாள் எகிப்தியப் பின்னங்கள், ஒரு நாள் ஆப்பிரிக்கக் குழி விளையாட்டு. அந்த ஒரு மணி நேரம் கலகலப்பாகப் போகும். மறுநாள் பாடப்புத்தகம் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆசிரியருக்குக் கணிதம் என்றால் என்ன என்பதில் எந்த மாற்றமும் வந்திருக்காது.

கணிதவியலாளர் பாலுஸ் கெர்டெஸ் (1952–2014) வேறு வழியில் போனவர். மொசாம்பிக்கில் கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகள் ஆசிரியர்களை உருவாக்கியவர். மக்களின் கைவேலைகளில் இருக்கும் கணிதத்தை அவர் முதலில் எடுத்துச் சென்றது ஆசிரியராகப் போகிறவர்களிடம். அதையும் காட்சிப் பொருளாகக் கொடுக்கவில்லை. நிரூபித்துக் காட்ட வேண்டிய சிக்கலாகக் கொடுத்தார். ஆசிரியர் பயிற்சியில் இருப்பவர்கள் இந்த வாழ்க்கைப் பணியைக் கூர்ந்து பார்க்க வேண்டும் என்று நான் நினைப்பதற்கு அதுதான் காரணம்.

நாடு

மொசாம்பிக் 1975 ஜூன் 25 அன்று போர்ச்சுகலிடமிருந்து விடுதலை பெற்றது. அப்போது மக்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். கணித ஆசிரியர்களாக இருந்த போர்ச்சுகீசியர்களில் பெரும்பாலானோர் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். புதிய அரசு பள்ளிகளைத் திறந்துகொண்டே போனது. கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. ஆசிரியர்களை அவசர அவசரமாகத் தயாரிக்க வேண்டியிருந்தது. தயாராக வந்தவர்களும் காலனியப் பள்ளியில் கணிதத்துக்குப் பயந்து வளர்ந்தவர்கள்.

அதோடு உள்நாட்டுப் போர். அது 1992 அக்டோபரில் ரோமில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை நீடித்தது. கிராமப் பள்ளிகள் பல இடிக்கப்பட்டன, ஆசிரியர்கள் கொல்லப்பட்டார்கள். கெர்டெஸின் முக்கியமான ஆய்வுகள் பலவும் இந்த ஆண்டுகளில் வந்தவை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

காலனியக் கல்வி விட்டுச்சென்ற இன்னொரு சேதமும் இருந்தது. கணிதம் ஐரோப்பாவில் பிறந்தது, ஆப்பிரிக்கர்களுக்கு அதில் பங்கு இல்லை, அது வெள்ளைக்காரரின் தலைக்கு உரியது என்ற எண்ணம் படித்தவர்களிடமே ஊறியிருந்தது. சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி தனக்கு இல்லை என்று நம்பும் ஆசிரியர் வகுப்பில் நின்றால் குழந்தையும் அதையே நம்பும். எத்தனை பேரைத் தேர்ச்சி பெற வைப்பது என்பதைவிட, இந்த நம்பிக்கையை எங்கே உடைப்பது என்பதுதான் கெர்டெஸ் முன்னால் இருந்த பெரிய கேள்வி.

ஆள்

நெதர்லாந்தில் பிறந்தவர். நைமேகன் பல்கலைக்கழகத்தில் கணிதம், இயற்பியலோடு பண்பாட்டு மானிடவியலும் படித்தார். இந்தச் சேர்க்கை முக்கியம். இளைஞராக இருந்தபோதே மொசாம்பிக் வந்து, தலைநகர் மபூத்தோவில் உள்ள எத்வார்தோ மொண்ட்லானே பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பயிற்சி வகுப்புகளை எடுத்தார்; பின்பு அந்நாட்டுக் குடிமகனாகவும் ஆனார். கல்வித் துறையின் தலைவர், கணித அறிவியல் துறையின் தலைவர் என்று பொறுப்புகள் வந்தன. ஆசிரியர்களைத் தயாரிப்பதற்கென்றே 1985-இல் ஓர் உயர்கல்வி நிறுவனம் தொடங்கப்பட்டது. அதுவே பின்னர் பெடகோஜிக்கா பல்கலைக்கழகம் ஆனது. 1989 முதல் 1996 வரை அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் கெர்டெஸ்.

அவர் தனியாளாக இந்தத் திசையில் வரவில்லை. நியூயார்க் மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியையாக இருந்த கிளாடியா ஸாஸ்லாவ்ஸ்கி (1917–2006), ஆப்பிரிக்கக் கணிதம் பற்றிய தன் முன்னோடி நூலை 1973-இல் வெளியிட்டிருந்தார். பிரேசிலின் உபிரதான் டாம்ப்ரோசியோ 1984-இல் அடிலெய்டில் நடந்த உலகக் கணிதக் கல்வி மாநாட்டில் இனக்குழுக் கணிதவியலை, அதாவது வெவ்வேறு பண்பாட்டு மக்களின் அன்றாட வேலைகளில் இருக்கும் கணிதத்தை ஆராயும் துறையை, உலக மேடைக்குக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே அதற்கென ஒரு பன்னாட்டு ஆய்வுக் குழு உருவானது. அமெரிக்கக் கணிதவியலாளர் குளோரியா கில்மர் அதன் முதல் தலைவர்.

ஆனால் சூழல் வேறு. ஸாஸ்லாவ்ஸ்கி வேலை செய்த இடத்தில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருந்தார்கள், பாடப்புத்தகங்கள் இருந்தன, தேர்வு முறை கெட்டிப்பட்டிருந்தது. அங்கே புதியது எதுவும் இருப்பதோடு கூடுதலாகத்தான் சேர முடியும். மொசாம்பிக்கில் கூடுதலாகச் சேர்ப்பதற்கு அடிப்படையே இல்லை. அதனால் அடிப்படையையே இந்தப் பொருட்களைக் கொண்டு போட முடிந்தது. இல்லாமையிலிருந்து வந்த வாய்ப்பு அது. வேறு நாட்டுக்கு இந்த நிகழ்விலிருந்து எதையாவது எடுத்துச் செல்ல நினைப்பவர் இதை மறக்கக் கூடாது.

கயிற்றுப் பாடம்

அவருடைய பயிற்சி வகுப்பின் இயல்பைப் புரிந்துகொள்ள ஒரு பாடம் போதும். ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மொசாம்பிக் கிராமங்களில் செவ்வகத் தளம் கொண்ட வீடு கட்டுகிறவர்களிடம் மூலைமட்டம் கிடையாது. தரையில் நூல் பிடிக்க அவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று மூங்கில் வழி. சம நீளமுள்ள நீண்ட மூங்கில் இரண்டு, சம நீளமுள்ள குட்டை மூங்கில் இரண்டு. எதிரெதிரே வைத்தால் ஒரு நாற்கரம் வரும். அது சாய்ந்தும் இருக்கலாம். மூலைக்கு மூலை கயிறு பிடித்து, இரண்டு மூலைவிட்டங்களும் சமமாகும் வரை மூங்கில்களை நகர்த்துவார்கள்.

இன்னொன்று கயிற்று வழி. சம நீளமுள்ள இரண்டு கயிறுகளை நடுப்புள்ளியில் ஒன்றாக முடிச்சுப் போடுவார்கள். வீட்டின் அகலத்துக்கு ஒரு மூங்கிலைத் தரையில் கிடத்தி, அதன் இரு முனைகளிலும் முளை அடிப்பார்கள். ஒவ்வொரு முளையிலும் ஒரு கயிற்றின் முனையைக் கட்டி, மறு முனைகளை இறுக்கி இழுத்து, அவை எட்டும் இடத்தில் மேலும் இரண்டு முளைகள். நான்கு மூலையும் கிடைத்துவிட்டன. அப்புறம் சுவர்.

நாம் வழக்கமாக இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வோம். பாருங்கள், நம் முன்னோர் எவ்வளவு அறிவாளிகள் என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போவோம். கெர்டெஸின் பாடம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. மூலைகள் செங்கோணம்தான் என்று எப்படித் தெரியும்?

பயிற்சி மாணவர் வரைந்து பார்க்கிறார். மூலைகள் A, B, C, D, முடிச்சு M. நான்கு அரைக் கயிறுகளும் சமம். ஆகவே M-ஐச் சுற்றி நான்கு இருசமபக்க முக்கோணங்கள். எதிரெதிர் முக்கோணங்கள் சர்வசமம். ஒரு ஜோடியின் அடிக்கோணத்தை α என்றும் மற்ற ஜோடியின் அடிக்கோணத்தை β என்றும் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு மூலையிலும் ஒரு α, ஒரு β. ABC என்ற முக்கோணத்தில் A-இல் α, C-இல் β, B-இல் α+β. மூன்றையும் கூட்டினால் 180 பாகை. ஆகவே α+β = 90. முடிந்தது. வீடு கட்டுபவரின் கயிறு தவறாது.

நல்ல நிரூபணம்தான், ஆனால் பத்தாம் வகுப்பு அளவுதான். இதற்குப் பின்னால் வரும் கேள்விதான் ஆசிரியர் பயிற்சிக்கு உரியது. அந்த 180 எங்கிருந்து வந்தது? யூக்ளிடின் ஐந்தாம் எடுகோளிலிருந்து, அதாவது இணைகோட்டு எடுகோளிலிருந்து. எடுகோள் என்றால் நிரூபிக்காமலே ஏற்றுக்கொண்டு தொடங்கும் கூற்று; ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியே அதற்கு ஒரே ஓர் இணைகோடுதான் வரையலாம் என்பது இந்த எடுகோளின் சாரம். ஒரு கோளத்தின் மேல் அதே கயிறுகளை இழுத்துக் கட்டினால் நான்கு மூலைக் கோணங்களும் சமமாகத்தான் வரும், ஆனால் ஒவ்வொன்றும் 90 பாகையைவிடப் பெரியதாக இருக்கும். குதிரைச் சேணம்போல எதிர்விதமாக வளைந்த பரப்பில் சிறியதாக இருக்கும். இந்த முறையில் செங்கோணம் வரும் என்று சொல்வதே தளத்தைப் பற்றிய ஓர் ஆழமான கூற்று. மற்ற வழக்கமான எடுகோள்களோடு இந்த ஒரு கூற்றைச் சேர்த்தால் ஐந்தாம் எடுகோளின் இடத்தில் அது நிற்கும்.

இணைகோட்டு எடுகோளுக்குப் பதிலாகச் செவ்வகத்தைப் பற்றிய ஓர் எடுகோளை வைக்கலாம் என்று சோவியத் வடிவியலாளர் அலெக்சாந்த்ரவ் காட்டியிருந்தார். கெர்டெஸ் மூங்கில் வழியையும் கயிற்று வழியையும் அதன் பக்கத்தில் வைத்தார். இவற்றையும் எடுகோள்களாக எடுத்துக்கொண்டு வடிவியலைக் கட்டிப் பாருங்கள் என்று ஆசிரியர் மாணவர்களிடம் கேட்டார். 1988-இல் ஒரு பன்னாட்டுக் கணிதக் கல்வி ஆய்விதழில் வெளியான அவருடைய கட்டுரையில் இது விளக்கப்பட்டிருக்கிறது.

இதில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். எடுகோள் என்பது கிரேக்கத்திலிருந்து வந்து இறங்கிய கட்டளை என்று நினைத்திருந்த மாணவருக்கு, அது ஒரு தேர்வு, வேறு இடத்திலிருந்தும் தொடங்கலாம் என்று தெரிகிறது. அந்த வேறு இடம் தன் அப்பா வீடு கட்டிய விதம். பெருமையும் கணிதக் கடுமையும் ஒரே செயலில் வருகின்றன. பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டு கடுமையை விட்டிருந்தால் இது விழா மேடைப் பேச்சாகியிருக்கும்.

பாயில் ஒரு பித்தாகரஸ்

மொசாம்பிக் கூடைகளிலும் பாய்களிலும் அடிக்கடி வரும் வடிவம் ஒன்று உண்டு. பல் பல்லாக ஓரம் கொண்ட சாய்சதுரம். வரிசைக்கு 1, 3, 5, 7, 5, 3, 1 என்று கட்டங்கள். கூட்டினால் 25.

கட்டங்களைச் சதுரங்கப் பலகைபோலக் கறுப்பு வெள்ளையாக மாற்றி மாற்றித் தீட்டினால் ஒரு நிறத்தில் 16, மறு நிறத்தில் 9 வரும். சாய்த்துப் பார்த்தால் ஒன்று 4×4, மற்றது 3×3. ஆக இந்தப் பல் சதுரம் நான்கின் வர்க்கமும் மூன்றின் வர்க்கமும் சேர்ந்தது. இனி இதே வடிவத்தை இடைவெளி இல்லாமல் தரை முழுக்கப் பதித்துப் பாருங்கள். ஒரு வடிவின் மையத்திலிருந்து பக்கத்து வடிவின் மையத்துக்குப் போக 4 கட்டம் பக்கவாட்டில், 3 கட்டம் மேலே போக வேண்டும். மையங்களை இணைத்தால் சாய்ந்த சதுரங்கள் கிடைக்கும். தரையை நிரப்பும் பல் வடிவங்கள் எத்தனையோ, சதுரங்களும் அத்தனை. ஆகவே பரப்பளவு ஒன்றே. அந்தச் சதுரத்தின் பக்கம், 4-ம் 3-ம் பக்கங்களாகக் கொண்ட செங்கோண முக்கோணத்தின் கர்ணம்.

பித்தாகரஸ் தேற்றம் வந்துவிட்டது. அடுத்தடுத்த எண்களுக்கு மட்டும்தானே என்று கூர்மையான மாணவர் கேட்பார். கேட்க வேண்டும். பெரிய சதுரமும் சிறிய சதுரமும் மாறி மாறித் தளத்தை நிரப்பும் அமைப்பாக இதை விரித்துக்கொண்டால் எந்தச் செங்கோண முக்கோணத்துக்கும் அதே வாதம் செல்லும்.

இந்த வேலையின் நடுவில் பயிற்சி மாணவர்களிடையே ஒரு விவாதம் வரும். பித்தாகரஸ் கண்டுபிடிக்காமல் போயிருந்தால் நாமே இதைக் கண்டுபிடித்திருக்க முடியுமா? கெர்டெஸ் இந்தக் கேள்வியைத் திட்டமிட்டே எழுப்பினார். நம் முன்னோர் பித்தாகரஸ் தேற்றத்தை அறிந்திருந்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பொய்யாக இருக்கலாம், நிரூபிக்கவும் முடியாது. இந்தக் கைவேலையிலிருந்து இந்தத் தேற்றத்துக்குப் போக முடியும், போனவர்கள் இதோ நீங்கள்தான் என்று காட்டினார். பழம்பெருமை பேசுகிறவர்கள் இந்த வேறுபாட்டைத் தவறவிடுவது எனக்கு ஒவ்வொரு முறையும் வருத்தம் தரும்.

கூடை முடைவதில், பாய் பின்னுவதில், வலை கட்டுவதில் சிந்தனை உறைந்து கிடக்கிறது என்பது அவருடைய கருத்து. ஏற்கெனவே உள்ள முறையை அப்படியே பின்பற்றிச் செய்கிற கைவினைஞர் கணிதம் செய்கிறார் என்று சொல்ல முடியாது. அந்த முறையை முதலில் கண்டுபிடித்தவர் கணிதமாகத்தான் சிந்தித்தார். உறைந்ததை உருக்குவது ஆசிரியரின் வேலை.

மணலில் கோடுகள், வாசலில் கோலம்

அங்கோலாவின் வடகிழக்குப் பகுதியிலும் அதையொட்டிய இடங்களிலும் வாழும் சோக்வே மக்களிடம் மணலில் வரையும் மரபு ஒன்று இருந்தது. சோனா என்று பெயர். விரல் நுனியால் சம தூரத்தில் புள்ளிகள் வைத்து, அவற்றைச் சுற்றி விரலை எடுக்காமல் ஒரே கோடாக வளைத்து வரைவார்கள். வரைந்துகொண்டே கதை சொல்வார்கள். ஆண் பிள்ளைகள் சடங்குக் காலத்தில் எளியவற்றைக் கற்றார்கள். கடினமானவை தேர்ந்த சிலரிடம் மட்டும் இருந்தன. அடிமை வணிகமும் காலனிய ஆட்சியும் அந்தத் தேர்ந்தவர்களின் தொடர்ச்சியை அறுத்துவிட்டன. இருபதாம் நூற்றாண்டில் சிலர் பதிவு செய்துவைத்தவையே பெரும்பாலும் மிச்சம்.

தமிழ் வாசகருக்கு இதைப் படித்ததும் கம்பிக் கோலம் நினைவுக்கு வந்திருக்கும். கெர்டெஸுக்கும் வந்தது. தமிழ்நாட்டு வாசல் கோலங்களில் இழந்துபோன சமச்சீரை எப்படி மீட்டெடுப்பது என்று 1989-இல் அவர் ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார். சோனாவில் பயன்படுத்திய அதே வழிமுறைதான்: பதிவாகியிருக்கும் ஒரு வடிவில் சமச்சீர் சிறிது குலைந்திருந்தால், குலைவதற்கு முன் அது எப்படி இருந்திருக்கும் என்று கணிதத்தின் துணையோடு பின்னோக்கிப் போவது. மபூத்தோவில் இருந்த ஒருவர் நம் வாசலைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு யோசித்திருக்கிறார் என்பது நம் பயிற்சி நிறுவனங்களில் இன்னும் பரவலாகப் பேசப்பட வேண்டிய செய்தி.

சோனாவில் பாய் பின்னல்போல ஒரு வகை உண்டு. செவ்வகமாகப் புள்ளிகள், கோடு சாய்வாக ஓடி, விளிம்பை அடைந்ததும் கேரம் பலகையின் ஓரத்தில் பட்ட காய்போலத் திரும்பும். 3 வரிசை, 4 நிரல் என்று புள்ளி வைத்தால் ஒரே கோட்டில் எல்லாப் புள்ளிகளையும் சுற்றி முடித்துவிடலாம். 4-க்கு 6 வைத்தால் ஒரு கோடு போதாது, இரண்டு வேண்டும். 3-க்கு 6 என்றால் மூன்று. எத்தனை கோடு தேவைப்படும்? பயிற்சி மாணவர்கள் வரைந்து வரைந்து அட்டவணை போட்டால் விடை தானாகத் தெரியவரும்: வரிசை, நிரல் எண்ணிக்கைகளின் மீப்பெரு பொது வகுத்தி.

ஏன் என்று அடுத்துக் கேட்க வேண்டும். நீண்ட செவ்வகத்தின் ஓரத்திலிருந்து ஒரு சதுரப் பகுதியை வெட்டி எடுத்தால், மிச்சத்தில் கோடுகளின் எண்ணிக்கை மாறுவதில்லை. வெட்டிக்கொண்டே போனால் கடைசியில் ஒரு சதுரம் நிற்கும். அதில் பக்கத்துக்கு எத்தனை புள்ளியோ அத்தனை கோடு. பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்துக்கொண்டே போய் மீப்பெரு பொது வகுத்தியைக் காணும் யூக்ளிடின் முறை இதேதான். ஆறாம் வகுப்பில் வெறும் சடங்காகச் சொல்லிக்கொடுக்கும் வழிமுறைக்கு இங்கே ஒரு காரணம் கண்ணில் தெரிகிறது.

கெர்டெஸ் இதையும் தாண்டிப் போனார். சோனாக் கோட்டின் வழியே நடந்து, கடக்கும் கட்டங்களை மாறி மாறிக் கறுப்பு வெள்ளையாகத் தீட்டினால் என்ன வரும் என்று பார்த்தார். ஒவ்வொரு வரிசையிலும் கறுப்பும் வெள்ளையும் சம எண்ணிக்கையில் இருக்கும் புதிய வகை வடிவங்கள் வந்தன. சோக்வே மக்களின் பகுதியை நினைவுகூர்ந்து அவற்றுக்கு லுண்டா வடிவங்கள் என்று பெயர் வைத்தார். அவற்றின் பண்புகளைத் தொடர்ந்துபோய் புது வகை அணிகளையும் (எண்களை வரிசையும் நிரலுமாக அடுக்கிய அட்டவணைகள்) கண்டார். பண்பாட்டிலிருந்து எடுத்துப் பள்ளிக்குக் கொடுப்பதோடு நிற்காமல், அதே ஊற்றிலிருந்து கணித ஆய்வுக்கும் புதிதாக ஒன்று வந்தது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பவர் கணிதம் செய்கிறவராகவும் இருந்ததன் பலன் இது.

மாணவர்கள் தாங்களே தேடியவை

இனம்பானே மாகாணத்தில் பெண்கள் வண்ண ஓலைக் கீற்றுகளால் பின்னும் சிப்பாட்சி பைகளில் பட்டை பட்டையாக அலங்காரம் இருக்கும். பட்டை வடிவங்களுக்குக் கணிதத்தில் ஏழே ஏழு சமச்சீர் வகைகள்தான் சாத்தியம். அந்தப் பைகளில் ஏழும் இருக்கின்றன. பின்னுகிறவர் இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும்: ஒரு வடிவம் எத்தனை கீற்றுக்கு ஒருமுறை திரும்ப வருகிறதோ, அந்த எண் பையைச் சுற்றியுள்ள மொத்தக் கீற்றுகளை மீதியின்றி வகுக்க வேண்டும். இல்லாவிட்டால் வடிவம் தொடங்கிய இடத்தில் வந்து சேராது. கெர்டெஸ் இதை உள்ளூர் ஆய்வாளர் கில்து புலாஃபோவுடன் சேர்ந்து ஆராய்ந்து 1994-இல் வெளியிட்டார்.

பயிற்சி மாணவர்களைத் தங்கள் ஊர்களுக்குத் திரும்ப அனுப்பித் தேடச் செய்தது இந்தப் பணியின் அடுத்த கட்டம். இதில் எனக்கு மிகவும் பிடித்தது எண்களைப் பற்றிய தேடல். நாட்டின் வடக்கே பேசப்படும் மகுவா மொழியில் ஆறு என்பதை ஐந்தும் ஒன்றும் என்றும், ஏழை ஐந்தும் இரண்டும் என்றும் சொல்வார்கள். ஏழும் ஆறும் கூட்டச் சொன்னால் சொல்லிலேயே விடை பாதி வந்துவிடுகிறது: இரண்டு ஐந்துகள் சேர்ந்து பத்து, மிச்சம் மூன்று. அந்தக் குழந்தை பள்ளிக்கு வந்ததும் போர்ச்சுகீசிய எண்களைப் படிக்கிறது. அதன் தாய்மொழியில் இருந்த இந்த வசதியை ஆசிரியர் பார்ப்பதே இல்லை, அவரும் அதே மொழி பேசுகிறவராக இருந்தும்.

சந்தையில் வியாபாரம் செய்யும் பெண்களிடம் 62-இல் 5 போனால் எவ்வளவு என்று கேட்டுப் பார்த்தபோதும் இதேபோல் ஒன்று தெரிந்தது. முதலில் 2 கழித்து 60-க்கு வந்து அப்புறம் 3 கழிப்பவர்கள் உண்டு. 60-இல் 5 கழித்து 2 சேர்ப்பவர்களும் உண்டு. கடன் வாங்கிக் கழிக்கும் எழுத்து முறை யாருக்கும் தேவைப்படவில்லை. பெய்ரா நகரில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த யான் டிராய்ஸ்மா இந்தப் பேச்சுவழிக் கணக்கையும் விரல் கணக்கையும் தொடர்ந்து ஆராய்ந்து, ஆசிரியர் கல்விக்குள் கொண்டுவர முயன்றார்.

கெர்டெஸின் வழியில் வந்தவர்களில் மார்கோஸ் ஷெரிந்தாவைத் தனியே சொல்ல வேண்டும். அவர் ஒரு நெசவுப் பலகையை வடிவமைத்து, வகுப்பில் குழந்தைகள் தாங்களே பின்னிப் பார்த்து வடிவங்களைக் கண்டறியும்படி செய்தார். அந்த வேலைக்காக 2002-இல் தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அப்துல்கரிமு இஸ்மாயேல் ஒரு மரபு விளையாட்டைக் கணிதக் கண்ணோடு ஆராய்ந்தார். இவர்கள் பின்னர் தாங்களே ஆசிரியர்களைத் தயாரித்தார்கள்.

எதிர்வாதங்கள்

இந்தப் பணிக்கு வலுவான எதிர்ப்புகளும் உண்டு. அவற்றை ஒதுக்கிவிட்டு எழுதினால் இது ஆய்வாகாது.

அந்தக் கணிதம் யாருடையது என்பது முதலாவது. கூடை முடையும் பெண் பித்தாகரஸ் தேற்றத்தை நினைத்து முடையவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து வருபவர் தன் தலையில் இருப்பதைக் கூடையில் பார்க்கிறார், அவ்வளவுதானே? முன்னே சொன்ன உறைந்த சிந்தனை என்ற கருத்து கெர்டெஸின் பதில். எனக்கு அது பாதிதான் போதுமானதாகப் படுகிறது. முதலில் கண்டுபிடித்தவர் எப்படி யோசித்தார் என்று நாம் ஊகிக்கத்தான் முடியும். ஆனால் ஆசிரியர் பயிற்சியைப் பொறுத்தவரை இந்தக் கேள்வியின் கனம் குறைகிறது. அங்கே கணிதம் செய்கிறவர் பயிற்சி மாணவர். கூடை அவருக்குத் தொடக்கப் புள்ளி. கூடை முடைபவரின் மனதில் என்ன இருந்தது என்று தெரியாவிட்டாலும் மாணவரின் நிரூபணம் நிற்கும்.

இரண்டாவது அரசியல் சார்ந்தது, இதைவிடக் கடுமையானது. தென்னாப்பிரிக்காவின் ரேணுகா விதாலும் டென்மார்க்கின் ஓலே ஸ்கோவ்ஸ்மோஸும் 1997-இல் இதை எழுதினார்கள். நிறவெறி ஆட்சியில் பண்பாடு என்ற பெயரைச் சொல்லித்தான் கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிக் கல்வி, தாழ்ந்த கல்வி கொடுக்கப்பட்டது. ஒவ்வோர் இனத்துக்கும் அதனதன் கணிதம் என்று சொல்லும்போது அதே கதவு மறுபடி திறக்காதா? இந்த எச்சரிக்கையை நான் முழுமையாக ஏற்கிறேன். சில பிள்ளைகளுக்குக் கோலம், சில பிள்ளைகளுக்கு நுண்கணிதம் என்று பிரிப்பது அநீதி. கயிற்றுப் பாடத்தை இந்தக் குற்றச்சாட்டின் முன்னால் வைத்துப் பார்த்தால் அது தப்பிக்கிறது. அது யூக்ளிடுக்குப் பதிலாக வரவில்லை, யூக்ளிடையே இன்னும் ஆழமாகக் கேள்வி கேட்க வைக்கிறது. வீட்டுத் தளத்தில் தொடங்கி யூக்ளிடுக்கு அப்பாற்பட்ட வடிவியலில் முடிகிறது. ஆனால் அதே பெயரில் நடக்கும் எல்லாப் பாடங்களும் அப்படித் தப்பிக்காது. எங்கே போய் முடிகிறது என்பதை வைத்துத்தான் ஒவ்வொரு பாடத்தையும் சோதிக்க வேண்டும்.

மூன்றாவது, நடைமுறை. பயிற்சியில் இதையெல்லாம் செய்துவிட்டு நெரிசலான வகுப்பறைக்குப் போகும் ஆசிரியர் முன்னால் பாடத்திட்டமும் தேர்வும்தான் நிற்கும். தேர்வு மாறாதவரை பயிற்சியில் கற்றது கரைந்துபோகும் ஆபத்து எப்போதும் உண்டு. கெர்டெஸ் ஒரு பல்கலைக்கழகத்தையே நடத்திய காலத்திலும் இதற்கு எளிய தீர்வு கிடைக்கவில்லை.

பயிற்சி நிறுவனங்கள் எடுத்துக்கொள்ளக்கூடியது

கெர்டெஸின் பாடங்களை வரிசையாகப் பார்த்தால் ஒரே நடை தெரியும். பொருளைக் கையில் எடுப்பது, ஏன் இந்த வடிவம், வேறு வடிவம் ஏன் இல்லை என்று கேட்பது, ஊகம், நிரூபணம், பின்பு அந்த நிரூபணம் எதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டது என்று திரும்பிப் பார்ப்பது. கடைசியாக மாணவரை அவருடைய ஊருக்கே அனுப்பிப் புதிதாக ஒன்றைக் கொண்டுவரச் சொல்வது. இதில் முதல் படியை மட்டும் செய்துவிட்டு நிற்பவர்களே அதிகம். அது எளிது, புகைப்படத்துக்கும் அழகு.

நான்காவது, ஐந்தாவது படிகளுக்கு நேரம் வேண்டும். கயிற்றுப் பாடத்தை ஒரு பாடவேளையில் முடிக்க முடியாது. கோளத்தின் மேல் நூலை இழுத்துக் கட்டிப் பார்க்கவே ஒரு பாடவேளை போய்விடும். பாடத்திட்டத்தில் வேறு எதையாவது குறைத்துத்தான் இதற்கு இடம் உண்டாக்க முடியும். எதைக் குறைப்பது என்பதில் பயிற்றுநர்கள் ஒத்துப்போவது கடினம், அந்தச் சண்டையைப் போட்டுத்தான் தீர வேண்டும். பயிற்றுநருக்கும் கணிதம் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். மாணவர் கொண்டுவரும் வடிவத்தில் என்ன தேற்றம் ஒளிந்திருக்கிறது என்று அவருக்கும் முன்கூட்டித் தெரியாது. மாணவரோடு சேர்ந்து தேடத் துணிந்தவராக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட பயிற்றுநர்களை உருவாக்குவது நெசவுப் பலகை செய்வதைவிடக் கடினமான வேலை. கெர்டெஸ் தன் மாணவர்களை முனைவர் பட்டம் வரை தொடர்ந்து கைபிடித்து அழைத்துச் சென்றதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.